விரல்நுனி ரத்தத்தில் பூச்சிமருந்தின் தடம்: டெஸ்ட்-மேட் கருவி குமரி வயல்களுக்கு உதவுமா?

குமரி மாவட்டத்தில் ஏத்தன், மட்டி, செவ்வாழை விளைகளிலும் (தோட்டங்களிலும்) நெல் ஏலாக்களிலும் (வயல்வெளிகளிலும்) கூலிக்கு மருந்து அடிப்பவர்களின் உடம்பை யாரும் அளந்து பார்ப்பதில்லை. தலை கிறுகிறுத்து, வாயில் எச்சில் ஊறி, வாந்தி வந்தபிறகுதான் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அந்த நிலை வருவதற்கு வெகுமுன்பே ரத்தம் தடயம் காட்டிவிடும். அந்தத் தடயத்தை வயலோரத்திலேயே படிக்க உதவுவது டெஸ்ட்-மேட் சி.ஹெச்.இ (கோலினெஸ்டரேஸ் என்பதன் சுருக்கம்) என்ற கையடக்கக் கருவி. விவசாயிகள் குழுவும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து வாங்கினால் நல்ல முதலீடு. தனி ஆள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமான் அல்ல. காரணம் கீழே வருகிறது.

குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையே வேலை செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. அதே நொதி ரத்தச் சிவப்பணுவிலும் இருப்பதால், நரம்பில் நடப்பதை விரல் ரத்தத்தில் ஊகிக்கலாம். 1961-இல் எல்மன் குழுவினர் வெளியிட்ட நிறமாற்ற முறைதான் கருவிக்கு அடிப்படை. நொதி நன்றாக வேலை செய்தால் கரைசல் சீக்கிரம் மஞ்சளாகும். ஆய்வகத்தில் அந்த மஞ்சளை 412 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். அந்த இடத்தில் ஹீமோகுளோபினும் ஒளியை உறிஞ்சும் என்பதால் இந்தக் கருவி 450-இல் அளக்கிறது. தேவை 10 மைக்ரோலிட்டர் ரத்தம், சில நிமிடங்கள். ஹீமோகுளோபினையும் சேர்த்து அளந்து, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் நொதி என்று தருவதுதான் இதன் பெரிய பலம். ரத்தசோகை உள்ள பெண் தொழிலாளியின் அளவு, சோகையால் மட்டும் குறைந்து தெரியாது. சிவப்பணு நொதிக்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உள்ள இதன் உறவு நொதிக்கும் தனித்தனி ரீஏஜென்ட் (சோதனை வேதிப்பொருள்) பெட்டி உண்டு. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சிவப்பணுப் பெட்டியை வாங்குங்கள்.

தவறுகள் பெரும்பாலும் கருவிக்குள் நடப்பதில்லை, விரலில் நடக்கின்றன. மருந்து கலக்கிய கையில் ஒட்டியிருக்கும் எச்சம் ரத்தத் துளியில் கலந்தால், நொதி சோதனைக் குழாய்க்குள்ளேயே முடங்கி, உடம்பில் இல்லாத பாதிப்பு அளவில் தெரியும். ஆகவே சோப்புப் போட்டு நகக்கண் வரை இரண்டு முறை கழுவ வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்தெறிந்து இரண்டாவதை எடுக்க வேண்டும். மண்வெட்டியும் ரப்பர் பால்வெட்டுக் கத்தியும் பிடித்துக் காய்த்த விரல்களில் நடுநுனியில் குத்தினால் ரத்தம் வராது. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். வரவில்லையே என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து, தாழ்த்தித் தொங்கவிட்டால் போதும். ரத்தம் எடுக்கும் மெல்லிய குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அந்தச் சோதனை வீண்.

அடுத்த எதிரி வெக்கை. வெப்பம் ஏறினால் நொதியின் வேகமும் ஏறும். கருவி 25 டிகிரிக்குத் திருத்தித்தான் எண்ணைத் தருகிறது, ஆனாலும் வெயிலில் நிறுத்திய ஜீப்பின் பானெட் மேல் வைத்து எடுத்த அளவையும் அறைக்குள் எடுத்த அளவையும் ஒப்பிடக் கூடாது. நிழலான ஒரே அறை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ரீஏஜென்ட் ஈரத்தைத் தாங்காது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பிரித்த பொதியை சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி வையுங்கள். கரைக்கும் தண்ணீர் மருத்துவத் தரத்தில் இருக்கட்டும், பேட்டரிக்கு விற்கிற தண்ணீர் வேண்டாம்.

இனி வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம். ஒருவரின் இயல்பான நொதி அளவு இன்னொருவருக்கு இருக்காது. ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. மேல்விளிம்பில் இருப்பவர் மூன்றில் ஒரு பங்கை இழந்தும் 'நார்மல்' என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்விடலாம். அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவருடைய அடிப்படை அளவு தேவை. மருந்து தொடாமல் குறைந்தது 30 நாள் கழிந்தபிறகு, சில நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். நெல்லுக்கு மட்டும் அடிப்பவர்களுக்கு, கும்பப்பூ பருவ அறுவடை முடிந்து கன்னிப்பூ பருவ விதைப்புக்கு முன்னால் வரும் இடைவெளிதான் தோதான காலம். வாழைக்கு அப்படி ஓய்வு கிடையாது. வருஷம் முழுக்க எங்காவது ஒரு விளையில் வேலை இருக்கும். அவர்களுக்குப் பின்னோக்கித்தான் போக வேண்டும். அடிப்பதை நிறுத்தி, சில வாரங்களுக்கு ஒருமுறை அளந்து, எண் ஏறி ஏறி எங்கே நிலைக்கிறதோ அதை அடிப்படையாகக் கொள்ளலாம். முடங்கிய சிவப்பணு நொதி நாளுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் மீளும், புதுச் சிவப்பணு பிறந்து வர வேண்டுமே. அவசரப்பட்டால் பாதி மீண்ட அளவையே அடிப்படை என்று எழுதிவிடுவோம், பிறகு ஆபத்து ஒருபோதும் தெரியாது.

முடிவெடுக்க கலிபோர்னியா மாநில விதிகளின் எல்லைகளே நடைமுறைக்கு ஏற்றவை. அடிப்படை 30 யூனிட் என்று கொள்வோம். அளவு 24-க்குக் கீழே போனால், அதாவது 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வேலைமுறையைச் சோதிக்க வேண்டும்: டேங்க் கசிகிறதா, காற்றுக்கு எதிரே அடிக்கிறாரா, நனைந்த சட்டையோடு டீ குடிக்கிறாரா. 21-க்கு வந்தால், அதாவது அடிப்படையில் 70 சதவீதம், மருந்து வேலையிலிருந்து உடனே விலக்க வேண்டும். பிளாஸ்மா நொதிக்கு இந்த எல்லை 60 சதவீதம். மறுபடி 80 சதவீதத்தைத் தொட்ட பிறகே திரும்ப அனுமதி. விலக்கியவருக்கு அந்த நாட்களில் களை பறிப்பு, வாழைத்தார் வெட்டு என்று வேறு கூலி வேலை தராவிட்டால், அடுத்த சோதனைக்கு யாரும் விரல் நீட்ட மாட்டார்கள். குழுவாக வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

கருவிக்குத் தெரியாதவற்றின் பட்டியல் நீளம். சைபர்மெத்ரின், இமிடாகுளோபிரிட், களைக்கொல்லிகளான கிளைபோசேட், பாராகுவாட் என இந்த நொதியைக் குறிவைக்காத மருந்து எதையும் இது காட்டாது. மழைக்கு முன் ரப்பர் தோட்டங்களில் இலையுதிர்வு நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடையும் காட்டாது, ஆகவே ரப்பருக்கு மட்டும் மருந்தடிப்பவர்களைச் சோதிப்பது வீண்செலவு. வாழைக்கட்டையில் போடும் கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகள் நொதியை முடக்கிச் சில மணி நேரத்தில் விட்டுவிடும். மறுநாள் வரும் நல்ல எண்ணை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

இதற்கு மாற்றாகத் தனியார் லேப்களில் கிடைப்பது 'சீரம் கோலினெஸ்டரேஸ்'. அது பிளாஸ்மா நொதி. கல்லீரல் நோய், கர்ப்பம், சத்துக்குறைவு, பரம்பரை எல்லாமே அதைக் குறைக்கும். முடிவு லிட்டருக்கு யூனிட் என்று வரும், லேபுக்கு லேப் முறை மாறும். ஒரே லேபில் தொடர்ந்து எடுத்தால் மட்டும் பயன். கடும் விஷம் ஏறியவருக்கு அதுவே போதும், மெதுவாக ஏறும் விஷத்துக்கு சிவப்பணு அளவுதான் நம்பகமானது.

சுசீந்திரம் தேரூர் குளங்களில், 2022-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடத்தில், பறவை செத்துக் கிடந்தால் இதே கருவியால் பார்க்கலாமா? கூடாது. மனித ரத்தத்துக்காக அமைத்த அளவு பறவைக்குப் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது மூளையின் நொதி. அதே இனத்தின் ஆரோக்கியமான பறவையோடு ஒப்பிட்டு, 20 சதவீதம் குறைந்திருந்தால் மருந்து பட்டிருக்கிறது என்றும், 50 சதவீதம் குறைந்திருந்தால் அதுவே சாவுக்குக் காரணம் என்றும் கொள்வது வழக்கம். உடலை வெறுங்கையால் தொடாமல், இரட்டைப் பையில் கட்டி, ஐஸில் வைத்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே நொதி தானாகச் சிதைந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் சேர்க்க மறப்பவை: விரல் குத்தும் லான்செட் ஊசி, கையுறை, ஊசிகளைப் போட வெள்ளை நிறத் துளைபடாத டப்பா, ரீஏஜென்ட் காலாவதித் தேதியைக் குறித்து வைக்க ஒரு பதிவேடு. காலாவதிக்கு மூன்று மாதம்கூட இல்லாத பெட்டியை விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள்.