லுவார் நதியா, மிதி கால்வாயா?

பிரான்சில் ஒரு வாரம், பத்து நாள் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்கள் பலரும் கடைசியில் இரண்டு வழிகளில் ஒன்றில் வந்து நிற்பார்கள். ஒன்று லுவார் நதிக்கரை. இன்னொன்று, துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் மிதி கால்வாய். (பிரெஞ்சில் 'மிதி' என்றால் தெற்கு. நம் காதில் பெடலை மிதிக்கச் சொல்வதுபோல விழுகிறது, பொருத்தம்தான்.) இரண்டிலும் பெரிய ஏற்றம் கிடையாது, படத்தில் இரண்டுமே அழகு. வித்தியாசம் சக்கரத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

லுவார் வழி, நெவேர் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கரை வரை சுமார் 900 கி.மீ. அத்தனையும் ஓட்ட வேண்டியதில்லை. ஓர்லியானில் ஏறி சோமூரில் இறங்கினாலே நல்ல பகுதி கைக்கு வந்துவிடும். நிதானமாகப் போனால் ஐந்து நாள். பெரும்பாலும் தார் அல்லது கெட்டித்த சரளை, திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டிப் பலகை. வாடகை சைக்கிளில் குழந்தைகளோடுகூடப் போகலாம். ஷாம்போர் அரண்மனையின் இரட்டைச் சுருள் படிக்கட்டு பார்க்க வேண்டியதுதான். ஆனால் மூன்று அரண்மனைக்கு மேல் போனால் எது எங்கே என்று குழம்பிவிடும். எனக்கு அவற்றைவிட சோமூருக்குச் சற்று முன்னால் வரும் சூசே கிராமம்தான் நினைவில் நிற்கிறது. அங்கே பாதை, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த தெருவுக்குள் புகுந்து வெளியே வரும். வெயிலில் வந்தவனுக்கு உள்ளே பானைத் தண்ணீர் குளிர்ச்சி.

இதில் ஒரே வில்லன் காற்று. ஆறு போகும் திசையில் போனால் இறக்கம்தானே என்று எல்லாரும் மேற்கே கிளம்புகிறார்கள். அந்த இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது, அட்லாண்டிக் எதிர்க்காற்று நன்றாகத் தெரியும்.

மிதி கால்வாய் வேறு ரகம். உப்பு வரி வசூலித்துப் பணக்காரரான பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கிய வேலை. சொந்தப் பணத்தையும் கொட்டினார். 1681-இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்புதான் போயிருந்தார். 240 கி.மீ. நீளம். 189 மீட்டர் உயரத்தில் இருக்கும் நோரூஸ்தான் உச்சி. மலையிலிருந்து கொண்டுவந்த நீர் அங்கே சேர்ந்து, ஒரு பக்கம் அட்லாண்டிக்கை நோக்கியும் மறுபக்கம் மத்தியதரைக் கடலை நோக்கியும் பிரிகிறது.

துலூஸிலிருந்து கிட்டத்தட்ட நோரூஸ் வரை தார்ப் பாதை. அப்புறம் பல இடங்களில் மண், கல், கரையோரம் நிற்கும் பிளேன் மரங்களின் வேர். சில பகுதிகளைச் சீர்செய்திருக்கிறார்கள், ஆனாலும் மெல்லிய டயரோடு போகாதீர்கள். நான் 28 மி.மீ. டயரில் போய், மழைக்கு அடுத்த நாள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிய களிமண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டு பாதி காலையைக் கழித்தேன். 40 மி.மீ. போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நிழலையும் நம்ப முடியாது. 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டார்கள். பழைய படத்தைப் பார்த்துப் போகிறவர் மொட்டை வெயிலில் நிற்பார். மேல்காற்று முதுகில் தள்ளினால் சுகம். தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' என்ற காற்று கிளம்பிவிட்டால் பேசாமல் ஒருநாள் தங்கிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்று: மதியம் கிராமத்துக் கடை மூடியிருக்கும், திங்கட்கிழமை பல இடங்களில் திறக்கவே மாட்டார்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாய்தான் கைகொடுக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவருக்கு லுவார், சந்தேகமே இல்லை. என் ஓட்டு மட்டும் கால்வாய்க்கு. சேறு, வேர் எல்லாம் சரி, பெசியே நகரத்துக்கு அருகே ஃபோன்செரான் மதகுப் படிக்கட்டு (படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகளைப் படிபோல அடுக்கியது) இருக்கிறதே! படகுகள் ஒவ்வொரு தொட்டியாக 21 மீட்டருக்கு மேல் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடக்கும். நாம் பக்கத்துச் சரிவில் மிதிக்காமலே ஒரு நிமிஷத்தில் கீழே போய்விடுவோம்.