போர்ட்ஸ்மத்தில் மூன்று கப்பல்கள்: முதலில் எதைப் பார்ப்பது?

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போர்ட்ஸ்மத் துறைமுக நிலையம். இறங்கினால் பக்கத்திலேயே பழைய கப்பல் தளம். மேரி ரோஸ், விக்டரி, வாரியர் என்று மூன்று நூற்றாண்டுகளின் போர்க்கப்பல்கள் அங்கே நிற்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்தான். ஆனால் மூன்றாவதற்குப் போகும்போது காலும் ஓய்ந்துவிடும், மனதும் ஓய்ந்துவிடும். அதனால் எதை முதலில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

பெரும்பாலானவர்கள் விக்டரிக்குத்தான் நேராகப் போகிறார்கள். பெயர் அப்படி. 1765இல் சாத்தமில் கடலில் இறக்கப்பட்ட இந்தக் கப்பலுக்குச் சுமார் 6,000 மரங்கள் தேவைப்பட்டன, பெரும்பாலும் ஓக். 1805 அக்டோபர் 21 அன்று பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களுடன் நடந்த டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சுடப்பட்டதும் இறந்ததும் இதில்தான். 1922 முதல், தண்ணீரை வெளியேற்றிய உலர்துறையில் நிற்கிறது. ஆனால் ஓக் மரத்தை மழையும் பூஞ்சையும் வண்டும் விட்டுவைப்பதில்லை. திருப்பணி மேல் திருப்பணி கண்ட கோயிலைப் போல, நெல்சன் காலத்து மரத்தில் பெரும்பகுதி மாறிவிட்டது. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. பராமரித்ததால்தான் கப்பலே இருக்கிறது. ஆனால் 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்பு பத்தாண்டுத் திட்டம். பாய்மரங்கள் இறக்கப்பட்டு, சாரம் கட்டப்பட்டிருக்கிறது. படத்தில் பார்த்த கம்பீரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

உள்ளே போனால் அந்த ஏமாற்றம் போய்விடும். கீழ்ப் பீரங்கித் தளத்தில் குனிந்துதான் நடக்க வேண்டும். டிரஃபால்கரின்போது சுமார் 820 பேர் இதில் இருந்தார்கள். பீரங்கிகளுக்கு நடுவிலேயே சாப்பிட்டு, அவற்றுக்கு மேலேயே தூளி கட்டித் தூங்கினார்கள். அந்த நெருக்கடியை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இருந்தாலும் முதலில் போக வேண்டியது மேரி ரோஸுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது எட்டாம் ஹென்றி மன்னரின் கப்பல். 1545 ஜூலை 19 அன்று, பிரெஞ்சுப் படையுடன் நடந்த சண்டையில், மன்னர் சவுத்ஸி கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தது. ஏன் கவிழ்ந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எதிரிகள் ஏறிவிடாமல் இருக்க மேல்தளத்தில் கட்டியிருந்த வலையே உள்ளே இருந்தவர்களை வெளியேற விடாமல் பிடித்துவைத்தது. சுமார் 500 பேரில் பிழைத்தவர்கள் 35 பேர்கூட இல்லை.

வலப்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்ததால் அந்தப் பாதி மட்டும் தப்பியது. மற்றதைக் கடல் அரித்துவிட்டது. 1982இல் அதை மேலே தூக்கினார்கள். காய விட்டால் மரம் சுருங்கி நொறுங்கிவிடும் என்பதால் பல ஆண்டுகள் குளிர்ந்த நீரையும், 1994 முதல் 2013 வரை பாலிஎதிலீன் கிளைகால் என்ற மெழுகுக் கரைசலையும் இடைவிடாமல் தெளித்தார்கள். 

இன்றைய அருங்காட்சியகத்தில் ஒரு பக்கம் கப்பலின் பாதி உடல். எதிர்ப்பக்கம், எந்தத் தளத்தில் எது கிடைத்ததோ அதே உயரத்தில் அந்தப் பொருட்கள். எடுத்தவை மொத்தம் 19,000க்கு மேல். வில்லாளிகளின் யூ மர வில்கள், மருத்துவரின் பெட்டி, எழுதத் தெரியாதவர்கள் தங்களுடையது என்று கீறி அடையாளம் வைத்த மரக் கிண்ணங்கள், ஈர்கள் ஒட்டியபடியே கிடைத்த பேன் சீப்புகள், தச்சரின் அறைப்பக்கம் கிடைத்த ஒரு நாயின் எலும்புக்கூடு. மிளகும் கிடைத்திருக்கிறது! விக்டரியில் எல்லாப் பேச்சும் ஒரு தளபதியைச் சுற்றி நடக்கிறது. இங்கே பெயரே தெரியாத தச்சரும் சமையல்காரரும்தான் முன்னால் நிற்கிறார்கள். பாதிக் கப்பல்தான். ஆனால் அந்தப் பாதி முழுக்க அந்தக் காலத்தது.

வாரியர் 1860இல் வந்தது. இரும்பு உடல், அதன்மேல் 18 அங்குலத் தேக்கு, அதற்கும் மேல் நாலரை அங்குல இரும்புக் கவசம். போரில் ஒரு குண்டுகூடச் சுடாமலே பழசாகிப் போய், பிறகு வேல்ஸில் அரை நூற்றாண்டு, எண்ணெய் ஏற்ற வரும் கப்பல்களைக் கட்டும் மிதக்கும் துறையாகக் கிடந்தது. உள்ளே பார்ப்பதில் பெரும்பாலானவை புதிதாகச் செய்து வைத்தவை. தளங்கள் விசாலமானவை, தலையில் இடிக்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மூன்றில் இதுதான் வசதி. நேரம் போதாவிட்டால் விட்டுவிடக்கூடியதும் இதுதான்.

அப்புறம், போர்ட்ஸ்மத்தில் இல்லாத நான்காவது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கும் இந்தக் கப்பலின் பெயர் டிரிங்கோமலி. ஆமாம், நம் திருகோணமலைதான். 1782இல் அந்தக் கரைக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாக வைத்த பெயர். நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் தட்டுப்பாடு வந்ததால் பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி, 1817இல் கடலில் இறக்கினார்கள். 1986 வரை பல பத்தாண்டுகள் போர்ட்ஸ்மத்தில்தான் பயிற்சிக் கப்பலாக நின்றது, வேறு பெயரில். வாரியரைப் புதுப்பித்த ஹார்ட்டில்பூலுக்கே இதையும் கொண்டுபோய்ச் சீராக்கினார்கள். உடலில் பாதிக்கும் மேல் இன்னும் பழைய தேக்கு. விக்டரியின் ஓக் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் அந்தப் பம்பாய்த் தச்சர்கள் மேல் தனி மரியாதை வரும்.

ஒரு நாள்தான் என்றால் காலையில் மேரி ரோஸ், மதியத்துக்குப் பிறகு விக்டரி. எடின்பரோவரை போகிற திட்டம் இருந்தால், வழியில் ஒரு பகலை ஹார்ட்டில்பூலுக்கு ஒதுக்குங்கள். கிழக்கு இலங்கைக்காரர்களானால் கட்டாயம்.