காலனி மீடியம்: 12 வருடப் பழக்கத்தில் ஒரு மதிப்பீடு

ரத்த ஸ்டெம் செல்களின் (எல்லா ரத்தச் செல்களுக்கும் மூலமான செல்கள்) முதுமையில் எந்த மரபணுவுக்கு என்ன பங்கு என்று தேடுவதுதான் 12 வருடமாக என் பிழைப்பு. வயதாக ஆக பிளாக் 6 வகை எலியில் ஸ்டெம் செல் எண்ணிக்கை கூடுகிறது, டிபிஏ/2 வகையில் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் என்னை இதற்குள் இழுத்தது. அன்றிலிருந்து ஃப்ரீசரில் மாறாமல் இருப்பது இந்த மெத்தில்செல்லுலோஸ் மீடியம், அதாவது எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தட்டில் வளர்க்கும் கூழ்: 100 மில்லி பாட்டில், செல்களை வளரத் தூண்டும் புரதங்களான சைட்டோகைன்கள் ஏற்கெனவே கலந்தது.

தேனைவிடக் கெட்டி. பிப்பெட்டில் எடுத்தால் பாதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்; சிரிஞ்சும் முனை மழுங்கிய 16 கேஜ் ஊசியும் வேண்டும். செல்லைக் கலந்து குலுக்கியபின் குமிழி மேலே வரும்வரை சும்மா உட்கார வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் அந்தக் கெட்டிதான் இதன் அருமை. செல் நகர முடியாது, பெருகினால் பிள்ளைகள் அங்கேயே குவியும். பத்து நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் தெரியும் ஒவ்வொரு காலனியும் ஒரே தாய்ச்செல்லின் குடும்பம். வேண்டிய காலனியை மட்டும் உறிஞ்சி எடுத்து அதன் டிஎன்ஏவைப் படிக்கலாம். எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போவது தனிக்கதை.

சரி, எதற்கு உதவாது? இதில் வளர்பவை பெரும்பாலும் முன்னோடிச் செல்கள், அதாவது ஸ்டெம் செல்லிலிருந்து பிறந்த அடுத்த படிச் செல்கள். கிழ பிளாக் 6 எலியில் ஸ்டெம் செல்கள் அதிகம் இருந்தாலும் ஒவ்வொன்றின் திறனும் குறைவு. அதைக் காலனி எண்ணிக்கை காட்டாது. செல்களை வேறு எலிக்கு மாற்றிவிட்டு, அவை அங்கே ரத்தம் உண்டாக்குகின்றனவா என்று பார்க்க 16 வாரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

5க்கு 4 தருகிறேன். ஒரு நட்சத்திரம் போனது பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) விவகாரத்தில்.

ஒரு மரபணுவை நீக்கிய எலிகளை 24 மாதம் வளர்த்தோம். திங்கட்கிழமை சாதாரணக் கிழ எலிகளின் மஜ்ஜையைத் தட்டில் இட்டதும் பாட்டில் தீர்ந்தது. மறுநாள் மரபணு நீக்கிய எலிகளுக்குப் புதிய பாட்டில். காலனிகள் ஏறக்குறைய பாதி! மரபணுவின் வேலைதான் என்று நம்பி இரண்டு வாரம் கால் தரையில் படவில்லை, பேசிக் காட்ட கம்ப்யூட்டரில் ஸ்லைடுகூடத் தயாரித்துவிட்டேன். அப்புறம் ஒரு மாணவி சாதாரண எலிச் செல்களையும் புதிய பாட்டிலில் வளர்த்துப் பார்த்தாள். அதிலும் பாதிதான். நிறுவனத்திடம் கேட்டால், 'அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது' என்று ஒரு வரி பதில். நான் செய்ததும் மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். இப்போதெல்லாம் ஒரே பேட்சில் ஆறு பாட்டில் வாங்கி, பழையதோடு ஒப்பிட்ட பிறகே தொடுகிறேன்.

மிச்சமிருந்த எலிகளை வைத்து ஒரே நாளில், ஒரே பாட்டிலில் மறுபடி செய்தோம். வித்தியாசமே இல்லை. அந்த மரபணுவை விட்டுவிட்டேன், மீடியத்தை விடவில்லை.