தோமையாரைக் கொன்றவர் யார்?

இயேசுவின் சீடரான தோமையாரின் (தோமாவின்) திருவிழாவை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் வழக்கமான வரலாற்றைச் சொல்லி முடித்தபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அவரைக் குத்தினது யாரு டீச்சர்?" என்று கேட்டாள். பகைவன் ஒருவன் என்று சொன்னேன். "பகைவன்னா எந்த ஆளுங்க?" என்று அவள் மீண்டும் கேட்டாள். வகுப்பில் பல குலத்துப் பிள்ளைகள் இருந்தார்கள்; நான் பதில் சொல்லாமல் மணியடிக்கக் காத்திருந்தேன். அடுத்த ஆண்டுக்குள் ஒரு பதிலை முடிவு செய்தாக வேண்டும் என்று படிக்கத் தொடங்கியதில், திருத்தூதரின் முடிவைப் பற்றி ஒன்றோடொன்று பொருந்தாத நான்கு கூற்றுகள் கிடைத்தன. நான் அவற்றை மொழிபெயர்ப்புகள் வழியாகவே படித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரியமும் கிரேக்கமும் எனக்குத் தெரியாது.

நம் ஊர் மரபை இங்கே விரிக்கத் தேவையில்லை. கி.பி. 52இல் முசிறித் துறையில் இறங்கினார், சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது சென்னைக் கத்தோலிக்கர் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் வரலாறு. 1523இல் போர்த்துக்கீசியர் அந்தக் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும், ஈட்டிமுனையும், மண் நிறைந்த ஒரு பானையும் கிடைத்ததாகப் பதிந்தனர். பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் குத்தியவர் ஒரு பிராமணர்.

இரண்டாவது கூற்று 'தோமா பணிகள்' என்ற சிரிய நூலுடையது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் எதெஸ்ஸா நகரத்தில் (இன்றைய துருக்கியில் உள்ளது) எழுதப்பட்ட இந்நூலில் தோமா இயேசுவின் இரட்டையராகவே வருகிறார். இந்தியா போக மறுத்ததால் இயேசுவே அவரை ஒரு வணிகனுக்குத் தச்சனாக விற்றுவிடுகிறார். அவர் சென்று சேரும் கொண்டபாரஸ் அரசன் கற்பனை அல்லன் என்பதை 19ஆம் நூற்றாண்டில் காபூல் பள்ளத்தாக்கில் கிடைத்த நாணயங்களும், இன்றைய பாகிஸ்தானிலுள்ள தக்த்-இ-பாஹிக் கல்வெட்டும் காட்டிவிட்டன. ஆனால் கொலை அவன் நாட்டில் நடப்பதில்லை. மஸ்தாய் என்ற வேறோர் அரசன், தன் மனைவி துறவை மேற்கொண்டதில் சினந்து, நான்கு படைவீரரை அனுப்பி மலைமேல் அவரை ஈட்டியால் குத்திக் கொல்லச் செய்கிறான். பின்னாளில் மகனின் பேய்பிடியைத் தீர்க்க எலும்பு ஒன்றை எடுக்கலாமென்று அவனே கல்லறையைத் திறக்கும்போது எலும்புகள் அங்கில்லை. சீடர் ஒருவர் முன்பே மேற்கே கொண்டு போயிருந்தார். அங்கிருந்த மண்ணை அள்ளிப் பூசியே மகன் நலமடைகிறான். பிற்காலத்தில் அந்த எலும்புகளை வைத்திருந்த நகரமும் எதெஸ்ஸாதான் என்பதை மறந்துவிடலாகாது.

மூன்றாவது, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைப் பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவினுடையது. திருத்தூதர் காட்டில் தம் குடிலுக்கு வெளியே செபித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மயில்கள் மேய்ந்தன. அவர் அங்கிருப்பதை அறியாமல் மயிலுக்கு எய்த ஒருவனின் அம்பு அவருடைய வலப்பக்கத்தில் பாய்ந்தது. அரசாணையோ மதப்பகையோ இதில் இல்லை. மயிலாப்பூரின் பெயரை அறிந்த எவருக்கும் இக்கதை உள்ளூரில் பிறந்தது என்றே தோன்றும். அங்கு வரும் யாத்திரிகர் அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய் முறைக்காய்ச்சல்காரருக்குக் (விட்டுவிட்டு வரும் காய்ச்சல் உள்ளவருக்கு) கொடுத்ததாகவும் போலோ எழுதுகிறார். சிரிய நூலின் மண்ணும், போர்த்துக்கீசியரின் பானை மண்ணும் அந்த வரியில் எனக்கு நினைவுக்கு வந்தன.

இந்தக் கதையையே ஏற்றுக்கொள்ளலாம் என்று சில வாரங்கள் நினைத்திருந்தேன். ஆனால் அம்பெய்தவன் 'கவி' என்று போலோ குறிக்கும் ஒரு குலத்தைச் சேர்ந்தவன் என்றும், அதனால் அக்குலத்தார் எவரும் திருத்தூதரின் உடல் இருக்குமிடத்தில் நுழைய முடியாது என்றும், பத்து இருபது பேர் சேர்ந்து பிடித்தாலும் அவர்களில் ஒருவனை உள்ளே நிறுத்த முடியாது என்றும் அவர் தொடர்வதைப் படித்தபோது மனம் கனத்தது. ஒரு மக்கள் கூட்டத்தை வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கத்துக்குப் புனிதரின் இரத்தமே காரணமாகச் சொல்லப்படுகிறது. விபத்து என்று தொடங்கிய கதையும் ஒரு குலத்தின்மேல் பழியைச் சுமத்தியே முடிகிறது.

நான் தேர்ந்துகொண்டது நான்காவது கூற்று. நான்கிலும் பழையதும், சில சொற்களில் அடங்கிவிடுவதும் அதுவே. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த எராக்ளியோன் என்பவர், மனிதர் முன்னிலையில் தம்மை அறிக்கையிடுவது (தம்மை ஏற்றவர் என்று வெளிப்படையாகச் சொல்வது) பற்றி இயேசு கூறும் லூக்கா நற்செய்திப் பகுதிக்கு விளக்கம் எழுதும்போது, மீட்படைந்த எல்லோரும் அதிகாரிகள் முன் வாயால் அறிக்கையிட்டு இறந்தவர்கள் அல்லர் என்று சொல்லி, அதற்குச் சான்றாக மத்தேயு, பிலிப்பு, தோமா, லேவி ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதாவது அவர் அறிந்தவரை தோமா மறைசாட்சியாக, நம்பிக்கையை அறிக்கையிட்டதற்காக, கொல்லப்படவில்லை.

எராக்ளியோன், மறைவான ஞானத்தாலேயே மீட்பு என்று போதித்த வலந்தீனுவின் ஞானக் கொள்கையைப் பின்பற்றியவர். திருச்சபை தப்பறை (தவறான போதனை) என்று ஒதுக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர். மறைசாட்சியத்தைக் குறைத்துப் பேசுவது அவருக்கு வசதியானது, ஆகவே அவர் சொல்லை எப்படி நம்புவது என்று எங்கள் பங்கிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய நூல் நமக்கு நேரே கிடைக்கவில்லை. இந்தப் பகுதியை மேற்கோள் காட்டிக் காப்பாற்றித் தந்தவர் அவரை மறுத்தெழுதிய எகிப்தின் அலெக்சாந்திரியா நகர்க் கிறித்தவ ஆசிரியர் கிளமெந்து. என் முடிவு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. கிளமெந்து அவ்விளக்கத்தில் சிலவற்றை ஏற்கிறார், சாகும் வேளையில் வாயால் செய்யும் அறிக்கையின் மதிப்பை எராக்ளியோன் கவனிக்கவில்லை என்று குறையும் சொல்கிறார். அந்தப் பெயர்ப் பட்டியலை மட்டும் மறுக்கவில்லை. தோமா ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் தெரிந்த செய்தியாக இருந்திருந்தால், எதிராளியை ஒரே வரியில் மடக்கிவிடும் வாய்ப்பை அவர் விட்டிருப்பாரா? முசிறிக்குச் சென்ற மிளகுக் கப்பல்களின் வணிகத்துக்கு அந்நகரமே மையம். கிளமெந்தின் ஆசிரியர் பந்தேனு இந்தியாவுக்கே சென்று வந்ததாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். அக்காலத்தில் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்று சொன்னதுண்டு என்பதால் அந்தப் பயணத்தின்மேல் நான் அதிக பாரம் ஏற்றமாட்டேன். ஆயினும் கிழக்கிலிருந்து செய்தி வந்துசேரும் இடத்தில் இருந்தவர் கிளமெந்து.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். தோமா எங்கே இறந்தார், எந்த வயதில் இறந்தார் என்று எராக்ளியோன் கூறவில்லை. அவர் மறுப்பது நீதிமன்றத்தில் நின்று அறிக்கையிட்டுச் சாகும் முடிவை மட்டுமே. நோயில் படுத்து இறந்தார் என்று அதற்குப் பொருள் கொண்டால் அது நம் கூட்டல்தான். வழிதவறிய அம்பு பட்டு இறந்தவரும் அந்தப் பட்டியலில் அடங்குவார். ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு கூற்றுகளை ஒன்றோடொன்று முடிச்சுப்போட எனக்குத் துணிவில்லை என்றாலும், மயில் கதையிலிருந்து குலப்பழியைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது எராக்ளியோன் சொல்லோடு மோதவில்லை என்பதைக் கவனித்தேன். பரங்கிமலைக்கும் இந்தத் தேர்வால் குறைவில்லை. அவர் இங்கே வந்ததையோ செபித்ததையோ அந்த வரி மறுக்கவில்லை.

அவரோடு இறப்பதற்கு நாமும் போவோம் என்று யோவான் நற்செய்தியில் உடன்சீடரிடம் சொன்னவர் தோமா. அப்படிச் சொன்னவருக்கு மறைசாட்சியின் சாவு வாய்க்கவில்லை என்று நினைக்கச் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கும் சில நாள் அப்படித்தான் இருந்தது.

அடுத்த ஜூலையில் அதே வகுப்பில், திருச்சபை தரும் மரபை முதலில் சொல்லிவிட்டு, மிகப் பழைய குறிப்பில் கொன்றவர் என்று ஒருவருமே இல்லை என்றும் சொன்னேன். மேல்வகுப்புக்குப் போய்விட்ட அந்தச் சிறுமி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு பையன், "அப்போ கிளாஸ் சார்ட்டுல மயில் ஏன் டீச்சர் இருக்கு?" என்றான். அம்பையும் மயில்களையும் பற்றி, எந்தக் குலத்தின் பெயரையும் எடுக்காமல், அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.