பீவரா, கன்றுக்குட்டியா?

1930களில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நினைவு அரை டாலர் வெளியிட்டார்கள். பேருக்குத்தான் நாணயம். 50 சென்ட் வெள்ளிக்காசை 2 டாலர் கொடுத்து வாங்கியவர் அதை மளிகைக் கடையில் நீட்டுவாரா? பதக்கம் போலப் பெட்டியில்தான் வைத்துக்கொண்டார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு: ஆல்பனி (1936), நியூ ரோஷெல் (1938). இரண்டும் நியூயார்க் மாநிலத்து ஊர்கள், இரண்டுக்கும் 250ஆம் ஆண்டு, இரண்டையும் வடித்தவர் கெர்ட்ரூட் லாத்ரப்.

ஆல்பனிக்கு 1686இல் ஆளுநர் தாமஸ் டோங்கன் நகர சாசனம் கொடுத்தார். காசின் முன்பக்கத்தில் ஒரு பீவர் (ஆற்றோரம் வாழும், மரம் கொறிக்கும் விலங்கு) மேப்பிள் கிளையைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் ஊரின் பெயரே பெவர்வைக்; பீவர் தோல் வியாபாரத்தில் வளர்ந்த ஊர். உருண்ட முதுகும் பட்டைவாலும் கண்ணைவிட்டு நகராது. ஆனால் திருப்பினால் டோங்கன், அவரிடம் சாசனம் வாங்கிய பீட்டர் ஷைலர், ராபர்ட் லிவிங்ஸ்டன் என மூன்று பேர் விறைப்பாக நிற்கிறார்கள். கையில் சாசனம், அவ்வளவுதான்.

நியூ ரோஷெல் கதை வேறு. பிரான்ஸில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகளுக்கு (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) அங்கிருந்த நிலக்கிழார் ஜான் பெல் 1689இல் சுமார் 6,000 ஏக்கர் விற்றார். விலை போக ஒரு நிபந்தனையும் உண்டு: வருஷா வருஷம் ஜூன் 24 அன்று, கேட்டால், ஒரு கொழுத்த கன்று தர வேண்டும். எத்தனை தலைமுறை ஆனாலும்! காசில் பெல் அந்தக் கன்றைக் கயிற்றில் இழுத்துப் பிடித்திருக்கிறார். நிலத்தை விற்ற பிறகும் ஆண்டை யார் என்பதை அந்தக் கயிறு சொல்லிவிடுகிறது. ஊர் தன் பழைய கடனை மறைக்காமல் வெள்ளியில் பொறித்துக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்பக்கம் பிரெஞ்சு லில்லிச் சின்னம்.

அரிதா என்று பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் சுமார் 25,000 அச்சடிக்கப்பட்டு, விற்காதவை உருக்கப்பட்டன. ஆல்பனியில் 17,671, நியூ ரோஷெலில் 15,266 மிஞ்சின. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கன்றையே எடுப்பேன்.

ஒரு குறை மட்டும் இரண்டிலும் உறுத்துகிறது. பீவர் தோலை ஆல்பனிக்குக் கொண்டுவந்த மோஹாக், மொஹிக்கன் பூர்வகுடி மக்கள் அந்தக் காசில் இல்லை. 1654இல் ஜானின் அப்பாவுடைய சகோதரர் தாமஸ் பெல் யாரிடம் நிலம் வாங்கினாரோ, அந்த சிவனாய் பூர்வகுடி மக்கள் நியூ ரோஷெல் காசில் இல்லை.