சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடா? எந்த மைக்ரோஅரே என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

தங்கச்சி பையனுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை, நடக்க ஆரம்பித்ததே இரண்டு வயதை ஒட்டித்தான். அவனுக்குப் போன மாதம் குரோமோசோம் மைக்ரோஅரே டெஸ்ட் எடுத்தோம். எடுப்பதற்கு முன்னால் தமிழில் தேடினால் விலையைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது கேரியோடைப். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, செல்களை வளர்த்து, குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற பழைய முறை. நார்மல் என்று வந்தது. “அதான் ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சே” என்று அத்தை நிம்மதியாகிவிட்டார். டாக்டர் விடவில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டுமென்றால் 50 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளாவது காணாமல் போயிருக்க வேண்டும், அதைவிடச் சின்னத் துண்டு போயிருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும் என்றார். காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் இதற்கெல்லாம் முதல் டெஸ்ட்டே மைக்ரோஅரேயாக இருக்கட்டும் என்று சர்வதேச நிபுணர்கள் 2010-லேயே சொல்லிவிட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் மாதிரி பார்த்ததும் தெரிவதை விட்டுவிட்டால், கேரியோடைப்பில் 100 பிள்ளைகளில் சுமார் 3 பேருக்குக் காரணம் கிடைக்கிறது, மைக்ரோஅரேயில் 15 முதல் 20 பேருக்கு. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 16-ஆம் குரோமோசோம் துண்டு இழப்பை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டதும் இந்த மைக்ரோஅரே சிப்களை வைத்துத்தான்.

சிப் என்றால் விரல் நகம் அளவுக் கண்ணாடி. அதில் லட்சக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குறிப்பிட்ட வரிசையுள்ள குட்டி டிஎன்ஏ இழைகள். பிள்ளையின் டிஎன்ஏவைத் துண்டாக்கி, ஒளிர்கிற சாயம் ஏற்றி, அதன்மேல் ஒரு ராத்திரி ஊற வைத்தால் தனக்குப் பொருத்தமான இழையோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் வைத்துப் பார்க்கும்போது ஓர் இடம் மங்கலாக இருந்தால் அந்த டிஎன்ஏ துண்டில் ஒரு பிரதி குறைவு, பளிச்சென்று இருந்தால் கூடுதல்.

சரி, நான் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்தச் சிப்பில் வகைகள் உண்டு. ஒரு வகை பிரதி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இன்னொன்றில் ஆளுக்கு ஆள் வேறுபடுகிற டிஎன்ஏ இடங்களைப் பார்க்கிற ஸ்னிப் புள்ளிகளும் இருக்கும், அம்மாவிடமிருந்து வந்த பிரதியும் அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் நீளமாக ஒரே மாதிரி இருக்கிற பகுதிகளையும் அது காட்டிவிடும். மச்சான் எங்கள் அத்தை மகன். இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தகவல்தான் முக்கியம், ஏனென்றால் பெற்றோர் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியிடம் மறைந்திருந்த ஒரே பழுது இரண்டு பக்கமாகவும் வந்து சேர்ந்திருக்கலாம்.

முதலில் விசாரித்த லேப்பில் விலை குறைவு. ஸ்னிப் உண்டா என்று கேட்டால் கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டு இல்லை என்றார். வேறு லேப்பில் சைட்டோஸ்கேன் 750கே சிப்பில் எடுத்தோம், அதில் உள்ள ஏழரை லட்சம் புள்ளிகளில் இரண்டு லட்சம் ஸ்னிப். 20,000 ரூபாயை ஒட்டி வந்தது. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், வீட்டுக்கே வந்து எடுத்துப் போனார்கள், பையன் பெரிதாக அழவில்லை. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே ரிப்போர்ட் வந்துவிட்டது. இதிலெல்லாம் குறையே இல்லை.

குறை ரிப்போர்ட்டை அனுப்பிய விதத்தில். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் பிடிஎஃப், கூட ஒரு வார்த்தை இல்லை. தங்கச்சி சமையலறையில் நின்றுகொண்டே திறந்திருக்கிறாள். இழப்பும் இல்லை, கூடுதலும் இல்லை என்று முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரே மாதிரிப் பகுதிகளின் பட்டியல், கீழே தடித்த எழுத்தில் பெற்றோர் நெருங்கிய உறவினர்களாக இருக்கலாம் என்று ஒரு வரி. தப்பு செய்துவிட்டதாக யாரோ எழுதிக் கொடுத்தது போல அவளுக்கு ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி மச்சானும் அவளும் சாப்பிடவே இல்லை. இப்படி ஒரு வரி வரலாம் என்று ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் வேறொரு மருத்துவமனையில் ஜெனடிக் கவுன்சிலரைப் பார்த்தோம். அந்தம்மா தாளைத் திருப்பி வம்சப் படம் வரைந்து காட்டினார். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளைக்கு டிஎன்ஏவில் சராசரியாக 6.25 சதவீதம், தாய்மாமன் கல்யாணம் என்றால் 12.5 சதவீதம் இப்படி ஒரே மாதிரி இருக்கும், உங்கள் பையனுக்கு ஏழு சொச்சம், இது நோய் இல்லையம்மா, எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிற வரைபடம் என்றார். தங்கச்சி முகம் தெளிந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சிப்புக்குத் தெரியாததும் நிறைய. ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் பொதுவாகத் தெரியாது. எதுவும் குறையாமல் இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாலும் தெரியாது, அது கேரியோடைப்பில் தெரியும். ஃப்ராஜைல் எக்ஸ் என்ற, வளர்ச்சித் தாமதம் தருகிற மரபணுக் கோளாறுக்குத் தனி டெஸ்ட், அதையும் எடுத்தோம், இல்லை என்று வந்தது.

டெஸ்ட்டுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், லேப்புக்கு இரண்டரை. இப்போது மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படிக்கிற எக்ஸோம் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், பட்டியலில் உள்ள பகுதிகளில் இருக்கிற மரபணுக்களை முதலில் பார்க்கச் சொல்லி மைக்ரோஅரே ரிப்போர்ட்டையும் கூடவே வைத்துவிட்டார் கவுன்சிலர். ரிப்போர்ட் வந்ததும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.