சகோதரி சுப்பலட்சுமி மரபு நடை: 500 ரூபாய்க்கு முக்கால் வாழ்க்கை

சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கையோடு தொடர்புள்ள இடங்களை நடந்தே சுற்றிக்காட்டும் மரபு நடைக்கு, காலை 6.30 மணிக்கு மாநிலக் கல்லூரி வாசலில் இருக்கவேண்டும் என்று முந்தைய நாள் இரவு குறுஞ்செய்தி வந்தது. நான் இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில். 4.15-க்கு எழுந்து, அரை டம்ளர் காபி குடித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, 6.20-க்குக் கல்லூரி வாசலில் நின்றேன். நடத்துகிறவர்கள் வந்து சேர்ந்தது 6.55-க்கு. 34 ஆண்டுகள் மணிச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு வகுப்புக்குப் போனவள் நான். முதல் 5 மதிப்பெண்ணை அங்கேயே குறைத்துவிட்டேன்.

நடத்தும் குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள், ஆர்வத்தோடு செய்கிறார்கள், அவர்களுக்கு நான் பகை அல்ல. கட்டணம் 500 ரூபாய். அதில் ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு தண்ணீர் பாட்டில், கடைசியில் திருவல்லிக்கேணியில் டிபன். மொத்தம் 14 பேர் வந்திருந்தோம். பாதிப் பேர் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கிற இளைஞர்கள். என் வயதுக்கு நானும், குடையோடு வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும்தான்.

வழிகாட்டிய பெண்ணுக்கு 25 வயது இருக்கும். பேச்சு நன்றாக இருந்தது. கையில் காகிதம் இல்லாமல், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மாநிலக் கல்லூரிச் சுவரோரம் நிறுத்தி, 1886-ல் மயிலாப்பூரில் பிறந்த சுப்பலட்சுமிக்கு 11 வயதில் கல்யாணம் ஆனது, சில காலத்திலேயே கணவர் இறந்தது, தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பதற்குப் பதிலாகத் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் படிக்க வைத்தது, 1911-ல் இந்தக் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டத்தோடு வெளியே வந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். வீட்டில் துணைக்கு இருந்த சித்தி வாலாம்பாளும் விதவை என்பதையும் விடவில்லை. நல்ல ஆசிரியை ஆகக்கூடியவர்.

பிரசுரத்தில்தான் வில்லங்கம். "தமிழ்நாட்டின் முதல் பெண் பட்டதாரி" என்று அச்சடித்திருந்தார்கள். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்பதுதான் சரி. அவருக்கு முன்பே கிறிஸ்தவப் பெண்கள் சிலர் பட்டம் வாங்கிவிட்டார்கள். கைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டேன். பழக்கதோஷம்.

அங்கிருந்து காமராஜர் சாலையோடு தெற்கே நடை. கடற்கரைப் பக்கம் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. லேடி வெலிங்டன் கல்லூரி வாசலில் ஐந்து நிமிடம் நின்றோம். 1922-ல் ஆசிரியப் பயிற்சிக்காகத் தொடங்கியது, கூடவே பயிற்சி மாணவிகள் பாடம் நடத்திப் பழக ஒரு பள்ளிக்கூடம், இரண்டையும் நடத்தியவர் சுப்பலட்சுமி. ஒலிபெருக்கியில் பேட்டரி தீர்ந்ததும் இங்கேதான். பஸ் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. போகட்டும்.

ஐஸ் ஹவுஸ்தான் இந்த நடையின் உயிர். பெயர் விவேகானந்தர் இல்லம் என்று மாறி எத்தனையோ ஆண்டு ஆகியும், திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் ஐஸ் ஹவுஸ் என்றால்தான் கேள்வி கேட்காமல் வண்டியைக் கிளப்புவார். 1842-ல் பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்கர் கட்டிய கிடங்கு. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி, கப்பலில் மரத்தூளுக்குள் பயணம் செய்து இங்கே வந்து இறங்கியது. இங்கேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார், 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினார், 1917-ல் அரசாங்கம் வாங்கியது. அதன்பின் அந்த வட்டச் சுவர்களுக்குள் குடியேறியவர்கள் விதவைச் சிறுமிகள். 1912-ல் எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நான்கே பெண்களோடு சுப்பலட்சுமி தொடங்கிய விதவை இல்லம்தான் இங்கே இடம் மாறி வந்தது. விதவை எதிரே வந்தால் வெளியே கிளம்பினவர்கள் திரும்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய காலம். அந்த ஊரில், கடற்கரையைப் பார்த்த மாளிகையில், அத்தனை விதவைகள் ஒன்றாக உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டார்கள்.

இதை வழிகாட்டி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் ஓர் ஐஸ் ஹவுஸ் பெண். ஓய்வுக்கு ஓரிரு ஆண்டே இருந்த வயது. வெள்ளை ஒன்பது கஜம், கழுத்தில் ஒன்றும் கிடையாது. பென்சில் விரலில் நிற்காத அளவுக்குத் தேய்ந்துபோனால் தூக்கிப்போடமாட்டார். பழைய நோட்டுத்தாளைச் சுருட்டிக் குழாய் செய்து, அதில் அந்தத் துண்டைச் செருகி எழுதுவார். எங்களுக்கும் அப்படிச் செய்து கொடுப்பார். "சிஸ்டர் பார்த்தால் திட்டுவார்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். எந்த சிஸ்டர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கன்னியாஸ்திரி யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு குறை. நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் விவேகானந்தர் இல்லம் திறக்கவில்லை. கதவு திறக்கும் நேரம் பார்த்து நடையை வைக்கவேண்டாமா? வெளியே நடைபாதையில் நின்று, கம்பிகளுக்கு இடையே பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: "அந்த விதவை இல்லத்தில் பிராமணப் பெண்களை மட்டும்தானே சேர்த்தார்கள்?" வழிகாட்டி மழுப்பவில்லை, ஆமாம் என்றார். வைதிகக் குடும்பங்கள் மகளை அனுப்பவேண்டுமென்றால் அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்பதே சுப்பலட்சுமியின் கணக்கு என்றும், பிறகு 1927-ல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார் என்றும் சொன்னார். இளைஞருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் முழுதாகப் போதவில்லை. ஆனால் கேள்வி கேட்க இடம் கொடுத்ததற்கு 10 மதிப்பெண் கூட்டினேன்.

இப்போது என் பெரிய புகாருக்கு வருகிறேன். ஐஸ் ஹவுஸ் வாசலிலேயே நடை முடிந்துவிட்டது. "இப்படித் தன் வாழ்வை அர்ப்பணித்த அவர் 1969-ல் மறைந்தார்" என்று ஒரே தாவு. அரசு வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1940-களின் தொடக்கத்தில். நடுவில் கால் நூற்றாண்டுக்கும் மேல் எங்கே போயிற்று? பிரசுரத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. "முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்." அதுவும் தப்பு. 1927-லேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் துணைத் தலைவராக உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் சிவப்புப் பேனா.

சுப்பலட்சுமி சட்டமன்றத்துக்குப் போனது 1952-ல், அதன் இரண்டாவது அவையான மேலவைக்கு, நியமன உறுப்பினராக. 1956 வரை இருந்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களை ஆளுநர் மேலவைக்கு நியமிக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதே 1952-ல் ராஜாஜியும் நியமன உறுப்பினராகத்தான் மேலவைக்குள் வந்து முதலமைச்சர் ஆனார். அந்த நியமனம் சரியா தப்பா என்று இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. அதே ஆண்டு அதே வழியாக உள்ளே போன இந்த ஆசிரியையைப் பற்றி ஒரு வாய் திறக்கக் காணோம்.

சுப்பலட்சுமி வேலையில் இருந்த காலத்தில் இந்திய மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போவார், ஆனால் அரசு ஊழியர் என்பதால் உறுப்பினராகச் சேரவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிய எந்த ஆசிரியைக்கும் இது புரியும். நாக்கு நுனியில் ஆயிரம் இருக்கும், கையெழுத்துப் போடும்போது நடத்தை விதி நினைவுக்கு வரும். 66 வயதில் அந்தக் கட்டு இல்லாமல் சபையில் போய் உட்கார்ந்தார். 68-வது வயதில், 1954-ல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையம். 70-ஆவது வயதில், மயிலாப்பூர் மாதர் கழகத்தின் மூலம் வித்யா மந்திர் பள்ளி. 1958-ல் பத்மஸ்ரீ. நான் ஓய்வு பெற்ற பிறகு செய்த பெரிய காரியம் மொட்டைமாடியில் தக்காளி வளர்த்தது.

மேலவையே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, 1986-ல் ஒழித்துவிட்டார்கள். அதில் ஆசிரியர்களுக்கென்றே தொகுதிகள் இருந்தன. நானும் ஒருமுறை ஓட்டுப் போட்டிருக்கிறேன். இதை டிபன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்த ஐ.டி. பெண்ணிடம் சொன்னேன். "ஆசிரியர்களுக்குத் தனியாக எம்.எல்.சி.யா!" என்று பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பார்த்தீர்களா, சொன்னால் கேட்கிறார்கள்.

டிபன் பற்றி: பொங்கல் நல்ல நெய் மணத்தோடு இருந்தது. வடை ஆறியிருந்தது. காபிக்கு நாமே காசு கொடுக்கவேண்டும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்த நடை இரண்டு கிலோமீட்டருக்குள்தான், முழங்கால் வலிக்காரர்களும் போகலாம். வழியில் உட்கார இடமில்லை. குடையும் தொப்பியும் அவசியம். கழிப்பறை டிபன் கடை வரை கிடையாது. மதிப்பெண் 100-க்கு 64. வழிகாட்டிக்குத் தனியாகப் போட்டால் 80.

கிளம்பும்போது அந்தப் பெண் என் பிரசுரத்தைப் பார்த்துவிட்டார். "டீச்சர், இதை நான் வைத்துக்கொள்ளலாமா? அடுத்த அச்சில் சரிசெய்துவிடுகிறோம்" என்றார். கொடுத்தேன். மேலவை பற்றி ஓரத்தில் எழுத இடம் போதாமல், பின்பக்கத்தில் 1952, 1954, 1956 என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மாடம்பாக்கத்துக்கு வண்டி வைப்பதாக இருந்தால் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அது என் வீட்டுப் பக்கம், அன்றைக்காவது 4.15-க்கு எழுந்திருக்கவேண்டியதில்லை.